நாலாவது ஆல்பத்தில் வாசித்தவர்

3 பிப்., திங்கள்
காலையில் குளிர். ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றபடியே.
வேலை: எங்கள் மியூசிக் ஆப்புக்கு "பழசும் புதுசும் கலந்த பத்து உலக இசை ஆல்பங்கள்". இதுவரை:
1. மாலி நாட்டு யாழ் + எலக்ட்ரானிக் பீட். விடியலில் கேட்க.
2. மங்கோலியத் தொண்டைப் பாட்டு + ராக். ஹெட்போன் அவசியம்.
3. போர்ச்சுகல் சோகப் பாட்டு + பியானோ. மழைக்கு.
4. பறை + சாக்ஸபோன் + சின்த். பெங்களூரிலேயே பதிவானது.
நாலாவதைச் சேர்த்தது டீம் லீட் நந்தினி. அதில் பறை அடிப்பது என் அண்ணன் அன்பு. ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

4 பிப்., செவ்வாய்
மீட்டிங்கில் நாலாவதை ஸ்பீக்கரில் போட்டார்கள். முதல் அடியிலேயே அண்ணன் கை தெரிந்தது. நந்தினி கண்ணை மூடிக்கொண்டு கன்னடத்தில், "சக்கத்தாகிதே!" பிரமாதமாம்.
பக்கத்து சீட் கார்த்திக்: "இது சாவுக்கு அடிக்கிற தமட்டே, பறைதானே? செல்வி, நீ மர்பி டவுன்ல தானே இருக்க? அங்க இந்த மாதிரி ஆளுங்க இருப்பாங்கல்ல?"
"இருப்பாங்க. தெருவுல போறப்ப பாத்திருக்கேன்."
பாத்திருக்கேனாம்! ஒரே வீடு, ஒரே குக்கர் சோறு.
மதியம் நாலாவதுக்கு நான் எழுதிக் கொடுத்தது: "பெயர் தெரியாத தெருக் கலைஞர்களின் முரட்டுத் தாளம்." சாயங்காலமே பத்தும் முடிந்து ஆப்பில் வந்துவிட்டது.

6 பிப்., வியாழன்
அண்ணனுக்கு பொம்மசந்திரா ஃபேக்டரியில் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் எல்லாருக்கும் பட்டியலைக் காட்டியிருக்கிறான், "என் தங்கச்சி எழுதினது" என்று. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.
"என் பேரு விட்டுப்போச்சா பாப்பா?"
"எடிட்டர் வெட்டிட்டாங்கண்ணா."
"ஓ."
போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "மத்த ஒம்போதுலயும் வாசிச்சவங்க பேரு இருக்கே."
துணி எடுக்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஓடினேன். கொடியில் ஒன்றுமே இல்லை. சும்மா நின்றேன்.

7 பிப்., வெள்ளி
நந்தினியிடம்: "நாலாவதுல ஒரு திருத்தம். பறை வாசிச்சவர் பேரு அன்பு."
"யார் சொன்னாங்க?"
"என் அண்ணன்தான் அவர்."
கார்த்திக் தன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நந்தினிக்கு ஒரே சந்தோஷம். "அய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா? கூட்டிட்டு வா, வீடியோ எடுக்கலாம்!" நான் ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.
மூணு மணிக்குப் பெயர் ஏறியது. "முரட்டு"வையும் எடுத்துவிட்டேன். அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

8 பிப்., சனி
அண்ணனுக்கு லீவு. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே: "எடிட்டர் இல்லண்ணா. நான்தான்."
"தெரியும்."
திட்டியிருக்கலாம். ஊதி ஊதிக் குடித்தான்.
வீடியோ விஷயம் சொன்னேன். வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் நல்லது என்றும் நினைத்தேன், சீ.
"வரேன். நான் அடிக்கிறப்ப நீ பக்கத்துல நிக்கணும். நான் உனக்கு யாருன்னு நீயே சொல்லணும், கேமராவப் பாத்து."
சரி என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. டம்ளரைக் கையில் வைத்தபடி அவன் காத்திருந்தான்.