ஆறு நாட்டுக்கு அவர், அஞ்சு ஊருக்கு நீ

இன்றைக்கு மறுபடியும் ஒரு டப்பா பேரீச்சம்பழம் வந்திருக்கிறது மதினி. ஏற்றுமதி ஆபீசிலிருந்து கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன், வாசனை அடித்தது, உன் கன்னம்தான் ஞாபகம் வந்தது. தேனிக் கூட்டத்தில் ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு, கொட்டையை எங்கே துப்புவதென்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே நம் குழுத் தலைவியாய் அஞ்சு ஊர் வாழைக்காரிகளுக்காகப் பேசினாயே! "என்ன மதினி, பல்லு வீங்கிருக்கு?" என்று காதோரம் கேட்டேன். மேசைக்கடியில் என் காலை மிதித்தாய்.

அன்றைக்கு நமக்கு வேண்டியது ஒன்றுதான். நம் காயை இங்கே சோதித்துச் சீட்டுக் கொடுத்தாலும், அரபு நாட்டுத் துறைமுகத்தில் இறக்கி மறுபடி சோதிக்கிறார்கள். முடிவு வருவதற்குள் பழுத்து, அட்டைப்பெட்டியோடு அழுகிப்போகிறது. இங்கன பார்த்த சோதனையே போதும் என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாய்க் கெஞ்ச வேண்டாம், வளைகுடாவில் ஆறு அரபு நாடும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறது, வியாபாரப் பேச்சை அதுதான் பேசும் என்றார்கள். அந்தச் சங்கத்து ஆள்தான் வந்திருந்தார். நம் சர்க்காரோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விளைவிக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமாம்.

நீ என்ன கேட்டாலும் அவர், "ஆறு பேரையும் கேட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். பக்கத்தில் ஒரு மலையாளத்துக்காரர் மொழிபெயர்த்தார். "ஆறு மாமியாருக்கு ஒத்த மருமகளா வந்து மாட்டிக்கிட்டாரு, பாவம்" என்றேன். நீ சிரித்ததில் கொட்டை தொண்டைக்குள் போயிருக்கும்.

பிறகு அவர் கேட்டார். தார் வெட்டுவதற்கு முந்தின ஒரு மாதம் மருந்தே அடிக்கக் கூடாது, உங்கள் ஆட்கள் எல்லாரும் சம்மதமா?

"ஊருக்குப் போயி எல்லாரையும் கேட்டுச் சொல்றோம்யா" என்றாய்.

என் வாய் சும்மா இருந்ததா? "யாரக் கேக்கப் போற மதினி? நீ சொன்னா நாங்க மாட்டேம்னா சொல்லப் போறோம்?"

உன்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மலையாளத்துக்காரர் அதையும் அப்படியே சொல்லிவிட்டார். வந்தவர் புன்னகையோடு எழுதிக்கொண்டார். அதற்குமேல் நீ என்ன செய்வாய்? தலையை ஆட்டினாய்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், வீரபாண்டி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நல்ல சாக்குச் சொன்ன. நாந்தேன் கெடுத்துப்புட்டேன்" என்றேன்.

"சாக்கா? நெசமாவே கேக்கணும்னுதேன் இருந்தேன். அந்தாளுக்குக் கேக்கறதுக்கு ஆறு பேரு இருக்காக. எனக்கு ஒருத்தரும் இல்லன்னு அத்தன பேரு முன்னால சொல்லிட்டியே மதினி."



மறுநாளே வீடு வீடாகப் போனாய். வாய்க்காலை ஒட்டித் தோட்டம் வைத்திருந்தவள் மட்டும் முடியாது என்றாள். ஈரம் நிற்கிற நிலம், இலைப்புள்ளி நோய் விழும், ஒரு மாதம் அடிக்காமல் விட்டால் மரமே நிற்காது. ஆனால் எல்லாரும் சம்மதம் என்று அங்கே வாக்குக் கொடுத்தாகிவிட்டதே. அவள் குழுவிலிருந்து விலகி, காயைக் கேரளா லாரிக்குப் போட்டாள். அது யார் வாயால் வந்த வினை என்று கடைசி வரை நீ அவளிடம் சொல்லவில்லை.

கையெழுத்தானது, காய் போகிறது, துறைமுகத்தில் அழுகுவதில்லை. நீதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பகலில் போய்விட்டாய். "வாயாடிதான, நல்லா பேசுவா" என்று என்னை உன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு வந்த யோகத்தைப் பார்.

இப்போது வந்திருக்கிற கடிதத்தில் அந்த ஒரு மாதத்தை இரண்டு மாதமாக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். குழுவைக் கூட்டினேன். "நீ பாத்துச் சொல்லு மதினி" என்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலு கேலி பேசினேன், சிரித்தார்கள், கிளம்பிவிட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் மட்டும் இருந்தேன். பஸ்ஸில் நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஊரே நம்புகிறது, பேசிப் பார்க்க ஓர் ஆளில்லை.

மதியத்திலிருந்து நானும் வீடு வீடாய்ப் போகிறேன். எல்லா வாசலிலும் அதே, "நீ பாத்துச் சொல்லு." மார்க்கையன்கோட்டையில்தான் ஒருத்தி, தண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு மாசமெல்லாம் என்னால ஆகாது மதினி, கோவிச்சுக்கிட்டாலும் சரி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோனாள். கோபமில்லை ஆத்தா, சந்தோசம்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல? அங்கனயே உட்கார்ந்து, ஏன் ஆகாது, எத்தனை நாள் ஆகும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.

இப்போது ஆபீசிலிருந்து போன் வந்தது, பதில் என்ன என்று. எங்க ஆளுகளை இன்னும் கேட்டு முடிக்கவில்லை என்றேன். சாக்கில்லை மதினி. இன்னும் பதினோரு வீடு இருக்கிறது.