கைக்கு அடங்கும் கத்தி

15 ஜூன் 1997, ஞாயிறு

கத்தி போய்விட்டது. கோவளத்தில், பாறை இடுக்கில், கடலோடு.

மச்சான் தாவீதோடு தூண்டில் போடப் போயிருந்தேன். ஜாக்குலினுடைய தம்பி, அங்கேயே ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன். இரைக்குக் கணவாயைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கையில் கத்தி இல்லை. பாறையில் டக்கென்று ஒரு தட்டல், அப்புறம் அலைச் சத்தம்தான். தாவீது சட்டையைக் கழற்றி இறங்கித் தேடினான். அலை அவனைப் பாறையில் கொண்டுபோய் மோதவும் நானே ஏறி வரச் சொன்னேன்.

"இன்னா மாமா, கையில புட்ச்சிகினுதானே இருந்தே? எப்டி வுட்டே?"

"கணவாய் வழுக்கிடுச்சுடா."

எட்டு வருஷம் என் பேன்ட் பையில் இருந்த கத்தி. வேலையில் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பினார்களே, அப்போது ஜாக்குலினுக்கு சென்ட் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கியது. மான்கொம்புப் பிடி. மடக்கினால் என் உள்ளங்கைக்குள் சரியாக அடங்கும். கேபிள் உறையை உரித்தால் உள்ளே இருக்கும் கம்பியில் ஒரு கீறல் விழாது. சென்ட் கதையை அவள் இன்னும் விட்டபாடில்லை. ஆனால் இன்று அதை எடுக்காமல் சூடாகக் காப்பி கொடுத்தாள்.

17 ஜூன்

பேன்ட் பை லேசாக இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலைய வாசல் சோதனையில் கத்தியை எடுத்துக் காட்டுவதற்காகப் பழக்கத்தில் பைக்குள் கைவிட்டேன். "இன்னா சார், இன்னிக்கி வெறுங்கையா?" என்றார் காவலர். சிரித்தேன். சிரிப்பு வரவில்லை.

28 ஜூன்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு இரும்புக் கடைகளில் பார்த்தேன். பிடிக்குள் அலகு ஆடுகிறது. பென்சில் சீவலாம். வேண்டாம். வாங்கினால் நல்லதாக ஒன்று, இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

12 ஜூலை, சனி

ராமதாஸையும் கூட்டிக்கொண்டு பர்மா பஜார். எங்கள் மின் பராமரிப்புப் பிரிவில் என்னோடு வேலை செய்பவன், வயதில் சின்னவன். கடை கடையாக ஏறி இறங்கியதில் ஒரு கடையில் அசல் சுவிஸ் கத்தி கிடைத்தது. சிவப்புப் பிடி, கத்தரிக்கோல், மரம் அறுக்கும் அலகு எல்லாம் உண்டு. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், பெரிய அலகு அசையவே இல்லை. கடைக்காரர் இழுத்ததும் வந்தது.

"புது ஸ்பிரிங்கு சார். பழகப் பழக லூஸாயிடும்."

சரி என்று வாங்கிக்கொண்டேன்.

20 ஜூலை

தையல் மிஷின் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். இன்னும் இறுக்கம்தான். கட்டைவிரல் நகம் ஒடிந்ததுதான் மிச்சம். ஜெர்மன் கத்தி வாங்கின அன்றைக்கே வெண்ணெய் மாதிரித் திறந்தது. இப்போதெல்லாம் சுவிஸ்காரனும் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

9 ஆகஸ்ட்

சுவிஸ் கத்தியை ராமதாஸுக்கே கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் சாத்துக்குடி உரிக்க எடுத்தான். என்னோடு பேசிக்கொண்டே, கத்தியைப் பார்க்காமலே திறந்தான்.

"இதுவா டைட்டு? நல்லா வழவழன்னு கீதே, அண்ணாத்த!"

"எண்ணெய் போட்டு வெச்சது நான்ல!" என்றேன். எனக்கு ஏனோ கோபம் வந்தது. சாத்துக்குடி வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். என்ன கோபம் அது? அவன் மேலா?

2 செப்டம்பர்

முன்கையில் தோலுக்கடியில் ஏதோ துடிக்கிறது. புழு நெளிகிற மாதிரி. வலி இல்லை. கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். ஜாக்குலின் விட்டமின் மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள்.

காலையில் சட்டையின் மேல் பட்டன் போட நேரமாயிற்று. பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

தாவீது ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். அவனுடைய கூட்டாளி துபாயிலிருந்து வந்திருக்கிறானாம். அவனிடம் சொல்லி எனக்காக வரவழைத்தது. அமெரிக்கக் கத்தி.

சும்மா சொல்லக்கூடாது, ஜெர்மன் கத்தியே இதன் பக்கத்தில் நிற்காது. கறுப்புப் பிடி, சொரசொரப்பாக, ஈரக் கையிலும் நழுவாதபடி. அலகின் முதுகுப் பக்கம் ஒரு சின்னக் குமிழ். கட்டைவிரலால் அதைத் தள்ளினால் போதும், ஒரே கையில் திறந்து பூட்டிக்கொள்ளும். தாவீது திறந்து காட்டினான். சடக்!

நான் தள்ளினேன். குமிழ் மேலேயே கட்டைவிரல் நின்றது. மறுபடி தள்ளினேன். விரல் நடுங்கியது, அலகு அசையவில்லை.

"குடு மாமா, நான் கொஞ்சம் லூஸ் பண்ணித் தரேன்."

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

அவன் போனபின் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டு திரும்பத் திரும்ப முயன்று பார்த்தேன். அலுத்துப்போய் இடது கைக்கு மாற்றினேன். சும்மாதான் மாற்றினேன்.

சடக்.

இடது கை. ஒரு ஸ்க்ரூகூடத் திருகிப் பழக்கமில்லாத கை.

அப்படியானால் இறுக்கம் கத்தியில் இல்லை.

23 செப்டம்பர்

யாரிடமும் சொல்லவில்லை. கத்தியை இடது பைக்கு மாற்றிவிட்டேன்.

14 அக்டோபர்

இன்று ஒரு கேபிள் ஜாயின்ட். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். அழுத்த அழுத்த அலகு உறைமேல் சறுக்கிக்கொண்டே போனது. ராமதாஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் குந்தி, என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, வேலையை முடித்தான். முடித்துவிட்டு, "நீ ஒரு டீ குட்ச்சிட்டு வா அண்ணாத்த" என்றான். அவ்வளவுதான். கிண்டல் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

26 அக்டோபர்

கத்தியை மடக்கும்போது இடது ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டேன். பூட்டு இடம் கொடுக்கவில்லை, இரண்டு கையாலும் முண்டினேன், அலகு திடுமென்று விழுந்தது. நிறைய ரத்தம். ஜாக்குலின் ஓடிவந்து துணி சுற்றினாள். கட்டும்போது வலது கையால் துணியின் முனையைப் பிடிக்கச் சொன்னாள். என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

என் வலது கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே குழியாக இருந்தது.

"இன்னாங்க இது? இங்க இருந்த சதை எங்க போச்சு?"

 இத்தனை நாள் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவே இல்லை.

"எத்தினி நாளா இப்டி கீது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு நான், எனக்கு அவள். அவளிடம் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேனோ தெரியவில்லை. "கத்தி டைட்டுன்னு நெனச்சேன் ஜாக்கி" என்றேன். 

6 நவம்பர்

சென்னையில் நரம்பு டாக்டர். ஜாக்குலின் பள்ளிக்கு லீவு போட்டு வந்தாள். கையில் ஊசிகளைக் குத்தி ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். பெட்டி கரகரவென்று மழைக்கால ரேடியோ மாதிரிச் சத்தம் போட்டது. காலில் குத்தியபோதும் அதே சத்தம். காலில் எனக்கு ஒன்றும் இல்லையே?

அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார் டாக்டர். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். கத்தி திறக்க முடியவில்லை என்று வந்தவனுக்கு நாக்கில் என்ன பார்க்கிறார்?

எழுதிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவையும் மனைவியைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

7 நவம்பர்

கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அதுவும் துடிக்கிறது. கை மாதிரியே.

20 நவம்பர்

சொல்லிவிட்டார்.

தசையை ஆட்டுகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கினு வருதாம். கை, அப்புறம் இன்னொரு கை, காலு, பேச்சு, முழுங்கறது, மூச்சு. மருந்து இல்ல. வெளிநாட்டில இன்னாவோ ஒண்ணு வந்துகீதாம், அதுவும் கொஞ்சம் தள்ளிப்போடத்தானாம். புத்திக்கு ஒண்ணும் ஆவாது, எல்லாம் தெளிவா இருக்கும்னார். அதை நல்ல சேதி மாதிரி சொல்றார்யா. தெளிவா இருந்து நான் இன்னாத்தப் பாக்கறது?

ஜாக்குலின் ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் இன்னா செய்யணும் டாக்டர்?"

செங்கல்பட்டு வரை ஒரு பஸ். மாறி ஏறினோம். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது என் செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது. அவள் குனிந்து எடுத்து என் காலில் மாட்டினாள். ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. ஆயர் வீட்டுக்கே வந்து ஜெபித்தார். சுகம் கிடைக்கும் என்றார். ஆமென் சொன்னேன். ஜாக்குலின் சொல்லவில்லை.

18 ஜனவரி 1998

ஆபீஸில் எழுத்து வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இடது கையால் கையெழுத்துப் பழகுகிறேன். இந்தப் பக்கத்தை எழுதுவதும் இடது கைதான். கோழி கிளறினாற்போல் இருக்கிறது.

3 மார்ச்

இன்று இடது கையிலும் திறக்கவில்லை.

8 மார்ச்

தாவீது வந்திருந்தான். அமெரிக்கக் கத்தியை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"எனக்கு எதுக்கு மாமா? உனக்குன்னு வர வெச்சது."

"நான் வெச்சிகினு இன்னாடா பண்றது? பழம்கூட வெட்ட முடியல."

கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தேம்பி அழுதான். முப்பது வயது ஆள். நான்தான் தேற்றினேன். தேற்றுகிறேன் என்று தோளில் கை வைத்தேன், கை நிற்காமல் சரிந்து விழுந்தது. அதைப் பார்த்து இன்னும் அழுதான்.

14 மார்ச், சனி

மறுபடி பர்மா பஜார். இந்த முறை ஜாக்குலினோடு. நான்தான் அடம்பிடித்துக் கூட்டிப்போனேன்.

"எனக்கு எதுக்குங்க கத்தி? வூட்ல அருவாமனை கீதே."

"ஆஸ்பத்திரிக்குப் போறோம், வர்றோம். எல்லா எடத்துக்கும் அருவாமனையத் தூக்கிகினு வருவியா?"

என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கடைக்குள் போனாள்.

நான் இரும்பைப் பார்த்து ஒன்றைக் காட்டினேன். அவள் திறந்தாள், மூடினாள், வைத்துவிட்டாள். இன்னொன்று. அதையும் வைத்துவிட்டாள். கடைசியில் அவளாக எடுத்தது சின்னது. மரப்பிடி, பிடிமுனையில் திருகுகிற வளையம், மெல்லிய அலகு. பிரான்சு நாட்டுச் சரக்கு என்றார் கடைக்காரர். நானாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

"அலகு ரொம்ப மெலிசு ஜாக்கி. கேபிளுக்குத் தாங்காது."

"நான் எந்தக் கேபிளை வெட்டப் போறேன்? எனக்கு இது கையில உக்காருது."

உட்காரத்தான் செய்தது. இருபது வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த விரல்கள். திறப்பதும் வளையத்தைத் திருகுவதும் அத்தனை சுலபமாக இருந்தது. பொறாமையாக இருந்தது எனக்கு. அவள் கை நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மனுஷன் ஆகிவிட்டேன்.

வெளியே வந்ததும் என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் நான் விழுந்துவிடாமல் இருக்க.

30 மே

இரண்டு வார்த்தை எழுத

22 ஆகஸ்ட், சனி

எழுதுவது ஜாக்குலின். சொல்வது நான். நாக்கு குழறுகிறது, ஆனால் அவளுக்குப் புரிகிறது. மற்றவர்களுக்கு அவள்தான் எடுத்துச் சொல்கிறாள். டீச்சர் ஆயிற்றே, ஒரு பிழை வராமல் எழுதுகிறாள்.

தாவீது கார் கொண்டுவந்தான். மாமல்லபுரம் போனோம். கலங்கரை விளக்கம் தாண்டி, கூட்டம் இல்லாத பக்கமாக மணலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கடல் அமைதியாக இல்லை. அலைகள் கறுத்து, கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தன. மழை வரும்போல இருந்தது.

கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். ஜாக்குலின் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து வாங்கினாள். பைக்குள்ளிருந்து கத்தியை எடுத்துத் திறந்து, விதையை வழித்துப் போட்டு, பூப்போல மெல்லிசாகச் சீவினாள். கணவாயும் கேபிளும் வெட்டின எனக்கு அப்படி ஒரு சீவல் வராது. ஒவ்வொன்றாக வாயில் வைத்தாள். வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கியதும் அடுத்தது. இரண்டு முறை புரையேறிற்று. தாவீது எழுந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நல்ல இனிப்பு.

அலகைப் புடவைத் தலைப்பில் துடைத்து, வளையத்தைத் திருகி, பைக்குள் போட்டுக்கொண்டாள். அவசரமே இல்லை. அந்தக் கத்தி வெகுநாளாக அவளுடையது மாதிரி இருந்தது.

இவ்வளவுதான் எழுதுவேன். இன்னொரு வரி சொன்னார், அடுத்த வருஷம் இந்நேரம் நான் என்ன செய்யவேண்டும் என்று. திரும்பவும் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன். — ஜாக்குலின்