லுங்கிப் பாரு

6 ஆகஸ்ட் 2006

இதை எவரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் சாலை பஜார் இரும்புக்கடையின் ஏகசக்கரவர்த்தியாகிய நான் (சம்பளத்துக்குத்தான்) சத்தியம் செய்து எழுதுகிறேன்: வலியதுறையில் கடல் ஒரு தென்னையை விழுங்கி ஏப்பம் விட்டது. அந்தக் காற்றில் கரமனையில் என் வீட்டு ஓடுகள் பறந்தன.

தங்கை எலிசாள் வீட்டுத் தென்னை. அதையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துப் பார்த்துத்தான் அவள் புருஷன் செல்வின் கடலில் தன் பாரைக் கண்டுபிடிப்பான். பாரு என்றால் கடலடிப் பாறை. கலவா மீனின் தரவாடு, பரம்பரை வீடு. வருஷாவருஷம் கடல் ஏறிக்கொண்டே வந்து, இப்போது மரமும் போயிற்று.

12 ஆகஸ்ட்

பாரு அகப்படாமல் செல்வின் தினமும் வெறும் மணலில் தூண்டில் போட்டுவிட்டு வருகிறான்.

"போதும் அளியா. ஓணம் கழிஞ்சா கட்டுமரத்த வித்துட்டு கழக்கூட்டத்துல கெட்டிட வேலைக்குப் போறேன்," என்றான். மச்சான் நான் அவனுக்கு அளியா.

"இவரு கரையில இருந்தா எனக்குத்தான் ஆபத்து அண்ணே," என்றாள் எலிசாள். "சட்டிக்குள்ள தலைய விட்டு உப்பு பாக்காரு."

சொன்னவள் துடுப்பை அடுக்களைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். யாரும் விலை பேசிவிடக் கூடாதாம்.

13 ஆகஸ்ட்

தென்னை செத்தால் என்ன? நான் தென்னை ஆவேன்.

19 ஆகஸ்ட்

செல்வின் வேலை கேட்கப் போன நேரத்தில் நட்டுவிட்டேன். ஆகாயத்தைக் குத்தும் இரும்புக் குழாய். ஒரு மேகம் மாட்டிக்கொண்டது, கழற்றி விட்டேன். உச்சியில் என் ஆரஞ்சு லுங்கி. தென்னை நின்ற இடம் இப்போது தண்ணீர். அதனால் கொஞ்சம் தள்ளி, கோழிக்கூட்டோரம்.

"அதே இடமா அளியா?" என்றான் திரும்பி வந்த செல்வின்.

"இம்மி பிசகில்லை."

20 ஆகஸ்ட்

செல்வின் இருட்டோடு கடலுக்குப் போன பிறகுதான் எலிசாள் குழாயைப் பார்த்தாள். "அண்ணே, தென்ன இங்கயா நின்னுது? கரையில அடி பிசகுனா கடல்ல ஊரே பிசகுமே."

ஐயோ. என்ன பண்ணிட்டேன்? இன்னைக்கும் வெறுங்கையோட வந்தான்னா கட்டுமரம் போச்சு — என்னாலதான். சோறு இறங்கல. (இரண்டு தட்டு மட்டும்.)

அன்றே, மாலை

வந்தான். கட்டுமரம் நிறையக் கலவா. ஒவ்வொன்றும் என் உயரம்.

"இது நம்ம பாரில்ல அளியா. எங்கப்பனே காட்டாத பாரு. பழைய இடத்துல தண்ணி சுட்டுக் கெடக்கு. இங்க ஆழம், நல்ல தணுப்பு. எப்படிக் கணக்குப் போட்டே?"

"தென்னைக்குத் தெரியாதா?" என்றேன். எலிசாள் இருமினாள்.

10 செப்டம்பர்

ஓணம் கழிந்தது. துடுப்பு அடுக்களையை விட்டு வெளியே வந்துவிட்டது. கடல் இப்போது கோழிக்கூட்டைத் தொட்டுப் பார்க்கிறது. அதனால் செல்வின் அதே நேர்கோட்டில் ஊருக்குள் வேறோர் அடையாளம் பார்த்து வைத்துவிட்டான். இம்முறை என்னைக் கேட்கவில்லை.

ஏப்பம் பொய். மேகம் பொய். மீன் என் முழங்கை நீளம்தான். ஆனால் இன்று கரையில் ஒருவன் இன்னொருவனைக் கேட்டான்: "லே, லுங்கிப் பாருக்கா போறே?"

அது மட்டும் நிஜம்.