நீங்கள் ‘மற்றும் பலர்’ இல்லை

அண்ணா,

காலையில் கூரியரில் புத்தகம் வந்தது. நம் குழு இணையத்தில் நான்கு வருடமாகச் சேர்த்த வட்டாரச் சொற்கள் அச்சாகிவிட்டன. பிரித்ததும் மை வாசனை. நேராக ‘ம’ வரிசைக்குப் போனேன். மசங்கல்: பொழுது சாய்ந்து, எதிரில் வருபவர் முகம் தெரியாமல் போகும் நேரம். அதன் கீழே, சேர்த்தவர் என்று என் பெயர்.

அந்தச் சொல்லை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ‘ஒரம்பரை’ என்ற சொல்லைத் தேடிப் புரட்டினேன், விருந்தாளிகள் என்ற பொருளுக்குக் கீழே மறுபடி என் பெயர். நீங்கள் கொடுத்த முப்பத்தெட்டுச் சொற்களுக்கும் அப்படியே. உங்கள் பெயர் அட்டையிலிருந்து அட்டை வரை எங்குமே இல்லை.

குழுவை நடத்துபவரைப் போனில் பிடித்தேன்.

“பதிவு பண்ணினவர் பேர்தான் தம்பி வரும். அதுதானே விதி?”

“எழுதிக் குடுத்த மனுசன் செத்துப்போயிட்டாருங்க. பேராவது இருக்கணும்ல?”

“நன்றியுரையில ‘மற்றும் பலர்’னு போட்டிருக்கோமே. அதுல அவரும் அடக்கம்தானே?”

போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் அகராதியில் சேர்க்க முடியாத சில சொற்களைப் பங்களித்திருப்பேன். மற்றும் பலராம். இவர்களுக்கு ஒரு சொல்லின் வேர் ஆயிரம் வருடத்துக்குப் பின்னால் இருந்தாலும் தோண்டி எடுக்க வேண்டும். போன மாசி வரை உயிரோடு இருந்தவரின் பெயர் மட்டும் வேண்டாம்.

ஏரியூர் பஸ்ஸில் நீங்கள் கண்டக்டர். தருமபுரியில் வெப்சைட் கட்டும் வேலைக்கு நான் தினமும் உங்கள் பஸ்ஸில்தான் போவேன். ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்தீர்கள்.

“என்ன எஞ்சினியரு, பரிட்சைக்குப் படிக்கிறாப்ல இருக்குது?”

சொற்களைச் சேர்க்கும் குழு என்றேன். “வார்த்தைக்கு ஒரு சங்கமா? எங்க பஸ்ல தெனமும் மூட்டை மூட்டையா ஏறுது. நாங்க லக்கேஜ்கூட போடறதில்ல.”

மறுநாளிலிருந்து வீணான டிக்கெட் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தீர்கள். சொல், பொருள், அதற்குக் கீழே எந்த சீட்டு, எந்த ஸ்டாப் என்று. உங்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் குழுவில் ஏற்றுவது நான். ‘மசங்கல் எந்த நூலில் இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டபோது அதை உங்களிடம் வாசித்துக் காட்டினேன். “நூல்ல இல்லீங்கன்னு போடு. மூணாவது சீட்டுல இருக்குது. மசங்கறதுக்குள்ள வூடு போவணும்னு அவசரப்படுது, அப்புறம் எறங்கிரும்.” அந்தச் சொல்லைச் சொன்ன மூன்றாவது சீட்டு அக்காவும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இவ்வளவு கோபப்படுகிறேனே, அந்தப் பதிவுப் படிவத்தைக் கட்டியது யார்? நான்தான். பெயருக்கு ஒரே ஒரு கட்டம். யார் உள்ளே நுழைகிறார்களோ அவர்கள் பெயர் தானாக விழும். வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

நீங்கள் ஒருநாள் கேட்டீர்கள். “அந்தக்கா பேரு போட்டியா?”

“அதுக்கெல்லாம் எடம் இல்லீங்கண்ணா.”

“எடம் நீதான உட்டிருக்கணும்?”

சொல்லிவிட்டு விசில் அடித்துப் பின்படிக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அண்ணி உங்கள் தாள்களையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். “புஸ்தகம் வந்தா ஒண்ணு குடுங்க. அவரு பேரு வருமில்ல, புள்ளைக்குக் காட்டணும்.” வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன்?

இன்று ஆபீசுக்குப் போகவில்லை. படிவத்தில் இரண்டு கட்டங்கள் புதிதாகச் சேர்த்தேன்: சொன்னவர், கேட்டவர். இரண்டையும் நிரப்பாமல் பதிவு ஏறாது. அரை மணி நேரத்தில் குழுவில் சண்டை. ‘சொன்னவர் பெயர் எனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒருவர். கேளுங்கள் என்று பதில் போட்டேன். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

பிறகு கவரைக் கொட்டி முப்பத்தெட்டையும் திருத்தினேன். ஒவ்வொரு தாளிலும் யாரோ ஒருவர் இருக்கிறார். ‘கடைசி சீட்டு, தக்காளிக் கூடைக்காரர், பென்னாகரம்.’ ‘டிரைவர் பின்னாடி, காது கேக்காத பெரியவர், ஏரியூர்.’ ஒன்றில்கூட உங்கள் பெயரை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. அதைக் ‘கேட்டவர்’ கட்டத்தில் நான் எழுத வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு முறை எழுதினேன். அச்சான புத்தகத்திலும் என் பெயரைப் பேனாவால் அடித்து உங்கள் பெயரைப் போட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அண்ணியிடம் மறைக்கப் போவதில்லை. அச்சில் வரவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

இதை ஏரியூர் பஸ்ஸில், மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். புத்தகம் மடியில் இருக்கிறது. கண்டக்டர் புதியவர். டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது அவர் பெயரைக் கேட்டேன். “எதுக்குங்க, கம்ப்ளைன்ட் எழுதறதுக்கா?” என்றார். இல்லை என்றேன். டிக்கெட் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெயரைச் சொன்னார்.

எழுதி வைத்துக்கொண்டேன்.