சுருள் கேலக்ஸியும் அடுத்த வீட்டு வெளிச்சமும்

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று எடுத்த படமும் பாழ். சிம்ம ராசிப் பக்கம் இருக்கும் சுருள் கேலக்ஸி, மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பால். கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்திக் கேமராவை ஓடவிட்டதும், அடுத்த வீட்டு ராக்கப்பன் அண்ணன் தன் தகரக் கொட்டகையில் பெரிய விளக்கைப் போட்டுவிட்டார். படம் முழுக்க மூட்டம். வேண்டுமென்றே செய்கிறாரோ?

பிப்ரவரி 27

கேட்டே விட்டேன். "ராத்திரில அந்த லைட்ட கொஞ்சம் அமத்துறீகளாண்ணே?"

"அந்தக் குழாய வச்சு எங்கன பாக்கீக தம்பி?"

"வானத்துலண்ணே. கேலக்ஸி."

"வானத்த நாங்களுந்தான் பாக்கோம். அதுக்கு இம்புட்டுப் பெரிய குழாயா?"

நம்பவில்லை. காலண்டருக்கு டிசைன் போடுகிறவனுக்கு வானத்தில் என்ன வேலை என்று நினைத்திருப்பார். இருக்கட்டும். ஒரு விளக்குக்கு ஏன் அப்படி முறைக்க வேண்டும்?

மார்ச் 2, ஞாயிறு

லென்ஸைத் துடைத்தேன். துணியில் வெள்ளிப் பொடி. விரலில் ஒட்டியது தேய்த்தும் போகவில்லை.

அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்தில் கலப்பது.

அண்ணன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியைப் பொங்கலோடு மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படி அடுப்பு எரிகிறது என்று நான் யோசித்ததே இல்லை. கொட்டகைக்குள் வெடிமருந்து அடைக்கிறார்களா? எங்கள் சுவரை ஒட்டியா?

மனைவி பொன்மணியிடம் காட்டினேன். துணியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கொல்லையில் விளையாடிய பிள்ளையை உள்ளே கூப்பிட்டாள்.

மார்ச் 3

அண்ணனிடம் பேச வேண்டும். இன்று வேண்டாம்.

மார்ச் 4

பேசவில்லை.

மார்ச் 6

மத்தியானம் அதிகாரிகள் வந்து கொட்டகையைத் திறந்தார்களாம். சாக்குச் சாக்காக எடுத்துப்போனார்களாம். அண்ணனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் அச்சகத்திலிருந்து திரும்பும்போது தெருவே என்னைப் பார்த்தது. அவர் மனைவி பத்திரகாளியக்கா வாசலில் நின்று கத்தினார். "குழாய வச்சுப் படம் புடிச்சுக் காட்டிக் குடுத்துட்டீகளே! நல்லா இருங்க!"

நான் இல்லை. சத்தியமா நான் இல்ல. அப்ப யாரு?

மார்ச் 7

பொன்மணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"நம்ம பிள்ள அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுதான வெளாடுது," என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

கோபப்படலாம் என்று பார்த்தேன். வரல. நான் போய்ப் பேசியிருந்தா?

மார்ச் 28, வெள்ளி

படம் வந்துவிட்டது. சுருளின் இரண்டு கைகளும், நடுவே ஓடும் கருந்தூசிக் கோடும் துலக்கமாகத் தெரிகின்றன. பொன்மணி பார்த்தாள். நேரே அடுக்களைக்குப் போனாள். தூக்குவாளியோடு வந்தாள். "சோறும் கொழம்பும் இருக்கு. அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க. என்னால போக முடியாது."

அண்ணனுக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. பத்திரகாளியக்கா நடையிலேயே என்னை மறித்தார். "நீங்கதான சொன்னது?"

பொன்மணியும் அக்காவும் தினமும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

"ஆமாக்கா. நான்தான்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாளியை வாங்கிக்கொண்டார்.