நல்ல பாடு

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

மகளை அழைத்துப்போக மாப்பிள்ளை நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிறார். ரயிலில் யுத்தக் கூட்டம், அரியலூர் வரை நின்றபடியே வந்தாராம். துறைமுக ஆபீஸில் உத்தியோகம். லீவு நாளானால் கடலில் தூண்டில் போடுகிற பைத்தியம்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம், "போன மாசம் நல்ல பாடுங்க மாமா. இவளும் விடிய விடிய என்கூடத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பெண் இளைத்து வந்தது இதனால்தானா? அவள் படுகிற பாட்டைச் சிரித்துச் சொல்கிற மனுஷனோடு எப்படி அனுப்புவது? "பொண்ணு இங்கியே இருக்கட்டுங்க, நான் அனுப்பறதா இல்ல" என்று சொல்லியே விட்டேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அம்மா! எங்கூர்ல பாடுன்னா மீன் கெடைக்கிறது. தூண்டி முள்ளுல எறாலைக் குத்திக் குடுக்கறதே நாந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையில் கட்டுச்சோறு கட்டித்தர வேண்டும். அவள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள், முருகா, உனக்கு விளக்கேற்றி நன்றியும் சொல்லிவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. என் வீட்டில் நின்றுகொண்டு நாகப்பட்டினத்தை அல்லவா எங்கூர் என்றாள்.