அப்பா ரயிலிலிருந்து விழவில்லை

செம்பூர், மும்பை
9 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை பூமாரிக்கு,

செம்பூரிலிருந்து உன் அண்ணன் பூலோகம் எழுதுவது. அம்மா சுகம். தாராவி வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிற அவளுடைய பிடிவாதமும் சுகம். என் நலத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் கூப்பிட்டாலே மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். மாட்டுங்காவில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து இரண்டாவது வரியில் அலுத்துவிடுவார். உன் மகன் மகேஷ்குமாருக்கு அதுவும் தெரியாது. ஆகவே இந்தக் காகிதம் உனக்கு மட்டும்.

சென்ற பங்குனியில் நம் செல்வம் போனபோது நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். கூடப் பிறந்தவன் இறந்தால் டொராண்டோவில் லீவு கொடுப்பார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விக்ரோலி ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயது. அப்பா போன வயதைவிட ஒன்று குறைவு.

அப்பா பட்டறை வாசலில் உட்கார்ந்து சோடா வாங்கி வரச் சொன்னதும், நான் வாங்கி வந்த சோடா உடைக்கப்படாமலே இருந்ததும் உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நெஞ்சுவலிக் குடும்பத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளையின் அம்மா முன்பே சொல்லியனுப்பியிருந்தார். அய்யாத்துரை சித்தப்பா என்னைத் தனியே இழுத்துப்போய், “ஏலே, ட்ரெயின்ல இருந்து விழுந்துட்டாருன்னு சொல்லு. பம்பாயில அதுக்கு எவன் சாட்சி கேப்பான்?” என்றார். விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்த நான்தான் அவர்கள் முன்னால் அதைச் சொன்னேன். குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஆராய்ச்சிப் படிப்பையும் விட்டேன். இன்று வாஷியில் ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குழாய் விற்கிறேன். சித்தப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை இன்றும் உன்னை ரயில் கதவருகே நிற்கவிடுவதில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு மூச்சு வாங்கியது. எக்கோ எடுத்தார்கள். சாம்பல் நிறத் தண்ணீருக்குள் ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல் என் இதயம் திரையில் தெரிந்தது. சுவர் தடித்திருக்கிறது, பரம்பரையாக இருக்கலாம் என்றார்கள். ஒரு மரபணு ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். அங்கே வேலை பார்க்கும் அஃப்ஷா தாராவியில் பிறந்த பெண், தென்காசிப் பக்கத்துக் குடும்பம். உலகம் முழுக்க இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த ரத்தத்தில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது என்றாள். நம்மைப் போன்ற குடும்பங்கள் அவர்கள் பட்டியலில் முப்பத்தொன்றுதான். யாரும் நம்மை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்று அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன்.

அந்தக் கோபத்தோடுதான் படிவத்தை நிரப்பினேன். அப்பா இறந்த காரணம் என்ற கட்டத்தில் என் கை தானாக எழுதியது: ரயில் விபத்து. இருபத்தேழு வருஷம் சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மையாகியிருந்தது, பூமாரி.

என் ரத்தத்தில் ஒரு மரபணு மாற்றம் இருந்தது. அம்மாவிடம் அது இல்லை. ஆக, அப்பா வழி வந்தது. அப்பாவுக்கோ இதயக் கோளாறு இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க நம்மவர்கள் வேறு யாரும் இல்லை. ‘பொருள் தெரியவில்லை’, அதாவது அந்த மாற்றம் கெடுதலா இல்லையா என்று சொல்லமுடியாது என்று ரிப்போர்ட் வந்தது. எதற்கும் தம்பி தங்கையை எக்கோ எடுக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். செல்வத்திடம் காட்டினேன். “அண்ணே, அதுலதான் ஒண்ணும் போடலியே, சும்மா டென்ஷன் ஆவாதிய” என்றான். நான் வற்புறுத்தவில்லை. உன்னிடம் சொல்லவே இல்லை.

அவன் காரியம் முடிந்த மறுவாரம் அஃப்ஷாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “லட்சம் பேர்ல ஒருத்தர் மாத்தி எழுதினா அது கரைஞ்சு போயிரும் அங்கிள். நாம முப்பத்தொரு வீடுதானே” என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் மத்தியான ரயிலில் வாஷி பாலத்தைக் கடக்கும்போது கண் சொக்குகிறது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். சட்டைக்குள் காற்று நிறைந்திருக்கிறது. விழமாட்டேன் என்கிறார். பக்கத்தில் செல்வம். இருவரும் உப்பங்கழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, ரயில் ஓடுகிற சத்தமே இல்லை. போன வாரம் அந்தத் தண்ணீரின் மேல், ரயிலுக்கு இணையாக ஒருவன் ஓடிவந்தான். நீ அனுப்பிய போட்டோவில் இருந்த அதே மஞ்சள் பனியன். மகேஷ். அப்பா அவனைப் பார்த்துக் கையை நீட்டினார். மான்கூர்டில் யாரோ என்னை எழுப்பினார்கள்.

மே மாதம் மாரத்தான் ஓடப்போகிறான் என்று எழுதியிருந்தாயே. நிறுத்து. நீயும் அவனும் முதலில் எக்கோ எடுங்கள். ரத்தம் கொடுங்கள். அஃப்ஷாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதை அங்குள்ள டாக்டரிடம் காட்டு. குடும்பத்தில் யாருக்கு இதயக் கோளாறு இருந்தது என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் ரயில் என்று எழுதிவிடாதே.

என் நலம்: மார்புக்குள் ஒரு கருவி வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். அதற்காக நீ வர வேண்டாம். அந்த லீவில் மகேஷைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, போதும்.

வேறு யாரும் படிக்கக்கூடாது என்றுதான் தமிழில் எழுதத் தொடங்கினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மாப்பிள்ளையையும் மகேஷையும் எதிரில் உட்காரவைத்து, நீயே உரக்க வாசித்துக் காட்டு. அவர்களுக்குப் புரியாத இடத்தில் நிறுத்திச் சொல். மாப்பிள்ளை கோபப்பட்டால், அந்தப் பொய்யைச் சொன்னவன் என் அண்ணன் என்று சொல்லிவிடு.

மகேஷ் தலை நரைத்து, படியேற அலுத்துக்கொண்டு, என்னைப்போல எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டு, நெடுங்காலம் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
பூலோகம்